வாளிக்குள் என்ன டிகிரி?

வீட்டில் பீர் செய்கிறவரிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) பற்றிச் சொல்வார், அப்புறம் கசப்பும் வாசனையும் தருகிற ஹாப்ஸ் பூக்கள். எந்த ஊர் ஹாப்ஸ், எத்தனை கிராம், கொதி வந்து எத்தனை நிமிஷத்தில் போட்டது என்று அரை மணி நேரம் ஓடிவிடும். நடுவில் நிறுத்தி, “நொதிக்கும்போது வாளிக்குள் என்ன டிகிரி இருந்தது?” என்று கேட்டுப் பாருங்கள். “ரூம் டெம்பரேச்சர்தான்” என்பார். பல பேருடைய பீர் ஒரே மாதிரி சுமாராக இருப்பதற்குக் காரணம் அந்தப் பதிலில் இருக்கிறது. விலை உயர்ந்த ஹாப்ஸை வாங்கி 28 டிகிரியில் நொதிக்கவிடுகிறவரைவிட, கடையில் கிடைக்கிற சாதாரண மால்ட்டை 19 டிகிரியில் பிடித்து வைத்திருப்பவர் நல்ல பீர் குடிப்பார். இதை யாரிடம் வேண்டுமானாலும் பந்தயம் கட்டிச் சொல்வேன்.

சட்டத்தைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். நான் பீர் செய்தது மெல்போர்னில் வேலை பார்த்த காலத்தில். ஆஸ்திரேலியாவில் 1970களின் தொடக்கத்திலிருந்து சொந்த உபயோகத்துக்கு வீட்டிலேயே பீர் செய்துகொள்ளலாம். காய்ச்சி வடிப்பதற்குத்தான் தடை. இப்போது நான் இருப்பது கிருஷ்ணகிரியில். இங்கே வீட்டில் பீர் செய்வது குற்றம். இன்றும் அமலில் இருக்கும் மதுவிலக்குச் சட்டம் 1937இல் வந்தது. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் நடைமுறைக்கு வந்தது அந்த வருஷம் அக்டோபர் 1ஆம் தேதி, அன்றைய சேலம் மாவட்டத்தில். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது சேலத்துக்குள்தான் இருந்தன. தருமபுரி 1965இல் தனி மாவட்டமானது, அதிலிருந்து கிருஷ்ணகிரி 2004இல் பிரிந்தது. மதுவிலக்கைக் கொண்டுவந்த ராஜாஜி பிறந்தது ஓசூருக்குப் பக்கத்தில் இருக்கிற தொரப்பள்ளியில். அதாவது மாகாணத்திலேயே முதலில் கலயத்தைக் கவிழ்த்த மண் எங்களுடையது. இன்றைக்கு டாஸ்மாக்கில் வரிசையில் நின்று பீர் வாங்கலாம், வீட்டில் ஒரு வாளி செய்யக் கூடாது. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை.

ஊர் திரும்பும்போது வாளி, கன்ட்ரோலர், செம்புச் சுருள் எல்லாவற்றையும் சித்தப்பா மகனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். பாலக்கோட்டில் வளர்ந்தவன், இப்போது மெல்போர்னில் இருக்கிறான். அவன் செய்கிறான், நான் இங்கே உட்கார்ந்து வீடியோ காலில் டிகிரி கேட்கிறேன்.

யீஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் விடுகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். பீரின் ருசிக்கு அது போதாது. யீஸ்ட் பெருகும்போது அந்த இரண்டையும் தவிர நூற்றுக்கணக்கான பொருள்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். எதை எவ்வளவு விடும் என்பது யீஸ்ட்டின் வகை, அது எத்தனை ஆரோக்கியமாக இருக்கிறது என்பதோடு, பெரும் பங்கு வெப்பநிலையையும் பொறுத்தது. சூடு ஏற ஏற யீஸ்ட்டுக்கு அவசரம் கூடும். ஏல் என்கிற, மிதமான சூட்டில் நொதிக்கிற பீர் வகையின் யீஸ்ட்டுக்குப் பொதுவாக 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் சுகமான இடம். 26, 28 என்று போனால் எஸ்டர்கள் அதிகமாகும்: பழ வாசனை, அதுவும் அளவு மீறினால் நெயில் பாலிஷ் நெடி. கூடவே ஃபியூசல் ஆல்கஹால்கள் என்று கனமான ஆல்கஹால்கள் சேரும். குடித்தால் தொண்டையில் சுருக்கென்று எரியும், தின்னர் வாசம் அடிக்கும். மறுநாள் தலைவலிக்கும் அதன் மேல்தான் பழி போடுவார்கள்.

எல்லா எஸ்டரும் கெட்டது என்று நினைத்துவிட வேண்டாம். ஜெர்மன் கோதுமை பீரில் வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் இருந்தே ஆக வேண்டும். வாழைப்பழ வாசனைக்குக் காரணமான ஐசோஅமைல் அசிட்டேட் நிஜ வாழைப்பழத்திலும் இருக்கிற அதே பொருள்தான். அந்த யீஸ்ட்டை 17 டிகிரியில் வைத்தால் கிராம்பு முன்னால் நிற்கும், 22இல் வைத்தால் வாழைப்பழம் முன்னால் வரும். இதற்காகச் செய்முறையில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஒரே மால்ட், ஒரே ஹாப்ஸ், ஒரே யீஸ்ட். ஐந்து டிகிரி வித்தியாசத்தில் இரண்டு பீர். எனக்கு இந்தத் தொழிலில் பைத்தியம் பிடித்தது இதைக் குடித்துப் பார்த்த பிறகுதான்.

குளிர் அதிகமானாலும் தொல்லை உண்டு. யீஸ்ட் சோம்பிப் படுத்துவிடும், சர்க்கரை பாதியில் நிற்கும். வேலை நடக்கும்போது உண்டாகிற டைஅசிட்டைல் என்ற பொருளை யீஸ்ட் கடைசிக் கட்டத்தில் தானே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். முன்கூட்டியே தூங்கிவிட்டால் அது பீரிலேயே தங்கி வெண்ணெய் வாசனை அடிக்கும். பாப்கார்னுக்கு நல்ல வாசனை, பீருக்கு இல்லை.

இப்போது ‘ரூம் டெம்பரேச்சர்’ பதிலுக்கு வருகிறேன். அறை 20 டிகிரி என்றால் வாளிக்குள்ளும் 20தான் என்று நினைப்பது இயல்பு. ஆனால் நொதித்தல் வெப்பத்தை வெளியே விடுகிற வேலை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 23 லிட்டர் வாளி, நொதிக்கத் தொடங்கும் முன் அடர்த்தி 1.045 (தண்ணீர் 1 என்றால்). அதில் கரைந்திருக்கிற சர்க்கரை வகையறா ஏறக்குறைய இரண்டரை கிலோ, அதில் யீஸ்ட் உண்மையில் தின்பது ஒன்றே முக்கால் கிலோ பக்கம். ஒரு கிலோவுக்குச் சுமார் 140 கிலோ கலோரி வெப்பம் வெளியாகும் என்று வைத்தால் மொத்தம் 240ஐ ஒட்டி வரும். 23 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 23 கிலோ கலோரி போதும். அப்படியென்றால் வெப்பம் எங்கும் வெளியேற வழியில்லாமல் இருந்தால் வாளி பத்து டிகிரி ஏறிவிடும். நிஜத்தில் வாளியின் பக்கங்கள் வழியாக வெப்பம் கசிந்துகொண்டே இருப்பதால் அத்தனை ஏறாது. ஆனாலும் வேலை மும்முரமாக நடக்கும்போது அறையைவிட மூன்று முதல் ஐந்து டிகிரி அதிகம் இருப்பது சாதாரணம்.

தம்பி முதல் முறை செய்தபோது காலையிலேயே கூப்பிட்டான்.

“அண்ணா, ஹால்ல 20 தான் காட்டுது. வாளில ஒட்டின ஸ்டிக்கர்ல 25ன்னு இருக்கு. ஸ்டிக்கர் கெட்டுப்போச்சா?”

“ஸ்டிக்கர் நல்லாத்தான் இருக்கு. நீ ஹாலைப் பார்க்காத, வாளியைப் பாரு.”

“அப்ப ஏசி போடட்டுமா?”

“ஏசி வேணாம். தொட்டி இருக்கு இல்ல, அதுல தண்ணி பிடிச்சு வாளியை இறக்கி வை.”

அந்த ஸ்டிக்கர் ரொம்ப எளிமையான பொருள். வெப்பத்துக்கு நிறம் மாறுகிற பட்டை, வாளியின் வெளிப்பக்கத்தில் ஒட்டுவது. உள்ளே நடுவில் இருப்பதைவிட ஒரு டிகிரி குறைத்துக் காட்டலாம், அவ்வளவுதான். இதற்கு ஆகிற செலவைவிட அதிகப் பலன் தருகிற வேறு சாமான் இந்தத் தொழிலில் இல்லை.

யீஸ்ட் போட்ட முதல் மூன்று நாள்தான் முக்கியம். யீஸ்ட் பெருகுவதும், எஸ்டருக்கும் ஃபியூசலுக்கும் விதை விழுவதும் அப்போது. அதற்கப்புறம் சூடு இரண்டு டிகிரி ஏறினால் கெடுதல் இல்லை, ஏறுவதே நல்லது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். காய்ச்சி இறக்கிய வோர்ட், அதாவது யீஸ்ட் போடாத மால்ட் சாறு, 28 டிகிரிக்கு வந்ததும், “கை பொறுக்கிற சூடுதானே” என்று யீஸ்ட்டைப் போடுவார்கள். அப்புறம் மெல்ல ஆறட்டும் என்று விடுவார்கள். கெடுதல் முழுக்க முதல் இரவிலேயே நடந்து முடிந்துவிடும். சூட்டில் கிளம்பிய யீஸ்ட் ஆற ஆறச் சோம்பி, வேலையை முடிக்காமலும் படுத்துக்கொள்ளும். நான் சொல்கிற வழி எதிர்ப்பக்கம்: 19இல் நொதிக்க வேண்டும் என்றால் 17இலேயே யீஸ்ட்டைப் போட்டு, அதன் சொந்தச் சூட்டில் 19க்கு ஏறவிட்டு, அங்கே பிடித்து வைக்க வேண்டும். நான்காம் நாளிலிருந்து நாளுக்கு ஒரு டிகிரி வீதம் 21, 22 வரை விடலாம். வெண்ணெய் வாசனையும் பச்சை ஆப்பிள் வாசனையும் போவது அந்தக் கடைசி ஏற்றத்தில்தான்.

17க்கு வோர்ட்டைக் குளிர வைப்பது எப்படி என்று கேட்பீர்கள். செம்புச் சுருளை வோர்ட்டுக்குள் இறக்கி அதன் வழியே குழாய்த் தண்ணீர் ஓடவிடுவது வழக்கம். கோடையில் குழாய்த் தண்ணீரே 22க்கு மேல் இருக்கும்போது அதற்குக் கீழே எப்படி இறங்கும்? ஆஸ்திரேலியர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கொதிக்கக் கொதிக்க வோர்ட்டைத் தடித்த பிளாஸ்டிக் கேனில் ஊற்றி, காற்று இல்லாமல் அமுக்கி மூடி, கேனைச் சாய்த்துச் சூடு எல்லாப் பக்கமும் படவைத்து, அப்படியே விட்டுவிடுவார்கள். அந்தச் சூட்டிலேயே கேனின் உள்பக்கம் சுத்தமாகிவிடும். மறுநாளோ அடுத்த வாரமோ, வேண்டிய டிகிரிக்கு வந்த பிறகு யீஸ்ட் போட்டால் போதும். தண்ணீர்ப் பஞ்சம் வாட்டிய நாட்டில் பரவிய முறை. ஒரு வாளி பீருக்காக நாலு வாளித் தண்ணீரைச் சாக்கடையில் விடுவதற்கு, தருமபுரிப் பக்கம் ஆழ்துளைக் கிணறு வற்றிப் பார்த்த எனக்கும் மனசு வரவில்லை. அமெரிக்க நண்பர்கள் இந்த முறையைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். ஹாப்ஸ் வெகுநேரம் சூட்டில் கிடப்பதால் கசப்பு கொஞ்சம் கூடும். கடைசியில் போடுகிற ஹாப்ஸைத் தள்ளிப் போட்டால் சரியாகிவிடும்.

மெல்போர்னின் கோடை விசித்திரமானது. வடக்கிலிருந்து பாலைக்காற்று அடித்தால் மதியம் 40ஐத் தொடும். சாயங்காலம் தெற்கிலிருந்து கடல்காற்று திரும்பினால் ஒரு மணி நேரத்துக்குள் 15 டிகிரி இறங்கிவிடும். 2009 பிப்ரவரி 7 அன்று அந்த நகரத்தில் 46.4 டிகிரி பதிவானது; அதே நாளில்தான் விக்டோரியா மாநிலத்தைக் காட்டுத்தீ சூறையாடியது. இப்படி ஏறி இறங்குவதைத் தாங்குவதற்குத் தண்ணீர்த் தொட்டியைப் போல உதவுவது வேறில்லை. வாளியைச் சுற்றி முப்பது நாற்பது லிட்டர் தண்ணீர் நின்றால் காற்றின் ஆட்டம் உள்ளே போய்ச் சேருவதற்குள் பல மணி நேரம் ஆகிவிடும். ஏறி இறங்குவது நிலையான சூட்டைவிட மோசம் என்பது என் கருத்து. 22இல் அசையாமல் நிற்கிற வாளி, பகலில் 24ம் இரவில் 16ம் ஆகிற வாளியைவிட நல்ல பீர் தரும். திடீரென்று குளிர்ந்தால் மேலே இருக்கிற காற்று சுருங்கி, ஏர்லாக்கில் (வாயு மட்டும் வெளியேற மூடியில் செருகுகிற தண்ணீர் அடைப்பு) இருக்கிற தண்ணீரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

தொட்டியில் வைத்த வாளிக்குப் பழைய டி-ஷர்ட் ஒன்றைப் போர்த்தி, அதன் ஓரம் தண்ணீரில் தோய்ந்திருக்கும்படி விட்டு, எதிரில் ஃபேனை ஓடவிட வேண்டும். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே சங்கதி. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 580 கிலோ கலோரி வேண்டும். முழுவதும் வாளியிலிருந்தே போனால் 23 லிட்டரை 25 டிகிரி இறக்கிவிடும் அளவு அது. பெரும்பகுதி சுற்றியுள்ள காற்றிலிருந்தே வந்துவிடுவதால் நமக்குக் கிடைப்பது நாலைந்து டிகிரி. அதுவே போதும்.

இந்த வித்தை எங்கே பலிக்கும் என்பது ஈரப்பதத்தைப் பொறுத்தது. மெல்போர்னில் பாலைக்காற்று அடிக்கிற நாளில் 38 டிகிரியும் 15 சதவீத ஈரப்பதமும் இருந்தால், ஈரத்துணி சுற்றிய வெப்பமானி இருபதுக்குச் சற்றுக் கீழே வரை இறங்கும். கிருஷ்ணகிரியில் ஏப்ரல் மதியம் 36 டிகிரி, 30 சதவீதம் என்றால் 23 வரை. சென்னையில் 36 டிகிரியோடு 60 சதவீதம் என்றால் 29க்குக் கீழே இறங்காது. ஃபேன் ஓட்டின கரண்ட் பில்தான் மிச்சம். ஊரில் காய்கறிக்காரர்கள் கூடை மேல் ஈரச் சாக்கைப் போடுவதும், சென்னையில் இருக்கிற என் அக்கா மண்பானையைத் திட்டிக்கொண்டு ஃப்ரிட்ஜ் தண்ணீருக்குத் திரும்புவதும் இந்தக் கணக்கில்தான்.

துணியும் ஃபேனும் போதாத நாளில் ஐஸ். இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலில் தண்ணீர் நிரப்பி உறையவைத்து, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று தொட்டிக்குள் போட வேண்டும். இரண்டு கிலோ ஐஸ் உருகினால் 160 கிலோ கலோரியை விழுங்கும். தொட்டியும் வாளியும் சேர்ந்து 60 லிட்டர் என்றால் இரண்டரை டிகிரி இறங்கும். இது தெரியாமல் ஒரே நேரத்தில் ஆறு பாட்டிலைத் தூக்கிப் போட்டால் யீஸ்ட் உறங்கிவிடும். பாட்டிலை நிரப்பும்போது தலைப்பக்கம் கொஞ்சம் இடம் விட வேண்டும், ஐஸ் விரியும்.

இதில் கொஞ்சம் நாள் காலம் தள்ளுகிறவர் கடைசியில் ஃப்ரிட்ஜுக்குத்தான் போவார். மெல்போர்னில் பழைய சாமான்களை வீட்டு வாசலில் வைத்து, வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார்கள். ஓடுகிற ஃப்ரிட்ஜ்கூட அப்படிக் கிடைக்கும். அதோடு ஒரு வெப்பநிலைக் கன்ட்ரோலரை இணைத்துவிட்டால் முடிந்தது: சென்சாரில் 19.5 காட்டினால் ஃப்ரிட்ஜுக்குக் கரண்ட் கொடுக்கும், 19 ஆனதும் நிறுத்தும். பார்க்க எளிது. ஆனால் சென்சாரை எங்கே வைப்பது என்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

காற்றில் தொங்கவிட்டால் என்ன ஆகும்? ஃப்ரிட்ஜின் காற்று நிமிஷத்தில் குளிரும், கதவைத் திறந்தால் நிமிஷத்தில் சூடாகும். கம்ப்ரஸர் ஓடி ஓடி நிற்கும். கன்ட்ரோலர் ‘19’ என்று பெருமையாகக் காட்டிக்கொண்டிருக்கும்போது, சொந்தச் சூட்டில் வாளி 22ஐத் தாண்டியிருக்கும். சென்சாரை வாளியின் பக்கத்தில், வோர்ட் மட்டத்துக்குக் கீழே நடு உயரத்தில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். அதன் மேல் ஒரு துண்டு தெர்மாகோலோ பபிள் ராப்போ வைத்து மறுபடி ஒட்ட வேண்டும், ஃப்ரிட்ஜ் காற்று படாமல் இருக்க. அப்படிச் செய்தால் வாளிக்குள் இருப்பதற்கும் சென்சாருக்கும் அரை டிகிரிதான் வித்தியாசம் வரும். எஃகுக் குழாய் ஒன்றை மூடி வழியாக உள்ளே இறக்கி அதற்குள் சென்சாரை விடுகிறவர்களும் உண்டு. துல்லியம் அதிகம்தான், ஆனால் 23 லிட்டர் மெல்லத்தான் ஆறும் என்பதால் சென்சாருக்குச் சேதி போய்ச் சேருவதற்குள் ஃப்ரிட்ஜ் தேவைக்கு மேல் குளிர்ந்து, டிகிரி இலக்குக்குக் கீழே இறங்கிவிடலாம். எனக்கு டேப் முறையே பிடித்தது.

கம்ப்ரஸர் நின்றதும் உடனே மறுபடி ஓடக் கூடாது; உள்ளே அழுத்தம் சமமாக மூன்று நிமிஷமாவது இடைவெளி வேண்டும். கன்ட்ரோலரில் அதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கும். வாங்கின அன்றே அதைப் போட்டுவிட வேண்டும். குளிர்காலத்தில் மெல்போர்ன் வீடுகள் உள்ளேயே 12 டிகிரிக்குப் போகும். அப்போது வாளிக்கு ஹீட் பெல்ட் கட்டி அதே கன்ட்ரோலரின் இன்னொரு பிளக்கில் செருகலாம். குளிர்விப்பதற்கும் சூடாக்குவதற்கும் இடையில் ஒரு டிகிரியாவது இடம் விட்டால் நல்லது. இல்லாவிட்டால் ஃப்ரிட்ஜும் பெல்ட்டும் ராத்திரி முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்.

குளிர்சாதனம் வந்த கதையிலும் பீருக்குப் பெரிய பங்கு உண்டு. பவேரியாவில் 1553இல் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட், ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சக் கூடாது என்று ஆணை போட்டார். கோடையில் செய்த பீர் கெட்டுப்போனதுதான் காரணம். ஆகவே குளிர்காலத்தில் செய்து, குகைகளில் ஐஸ் அடுக்கிக் கோடைக்குப் பத்திரப்படுத்தினார்கள். குளிரைத் தாங்குகிற யீஸ்ட் அங்கே நிலைத்தது. குளிரில் நொதிக்கிற லாகர் வகை பீரின் இன்றைய யீஸ்ட் அந்த வம்சம். அதன் பெற்றோர்களில் ஒன்று ஏல் யீஸ்ட் என்பது தெரியும். குளிரைத் தாங்குகிற மற்றொன்று தென் அமெரிக்காவின் பட்டகோனியாக் காடுகளில் இருப்பதை 2011இல் கண்டுபிடித்தார்கள். 1870களில் கார்ல் வான் லிண்டே தன் குளிர்சாதன இயந்திரத்தை ஓட்டிப் பார்த்ததே முனிச்சின் ஒரு பீர் ஆலையில்தான். 1883இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒரே செல்லிலிருந்து தூய யீஸ்ட்டை வளர்த்தார். ஆற்றலை அளக்கும் ஜூல் என்ற அலகுக்குப் பெயர் தந்த ஜேம்ஸ் ஜூலும் இங்கிலாந்தில் ஒரு பீர் ஆலைக் குடும்பத்துப் பிள்ளை. ஒரு டிகிரியின் சின்னப் பின்னங்களை அளந்து காட்டியவர். ஆலையில் வளர்ந்தவருக்கு வெப்பமானி மேல் மரியாதை இருந்ததில் ஆச்சரியம் இல்லை.

லாகர் செய்ய 9 முதல் 13 டிகிரியில் நொதிக்கவைத்து, அப்புறம் பூஜ்யத்தை ஒட்டி வாரக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் இல்லாமல் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் கடையில் குடித்துப் பழகினது லாகர் என்பதால் அதையே முதலில் செய்ய ஆசைப்படுவார்கள். தம்பியும் அடம்பிடித்தான். கோடை முடியட்டும், அங்கே குளிர்காலம் வருகிற ஜூனில் செய் என்று தள்ளிப் போட்டேன்.

சூட்டோடு மல்லுக்கட்டாமல், சூட்டை விரும்புகிற யீஸ்ட்டையே பிடிப்பது இன்னொரு வழி. நார்வேயின் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த ‘க்வைக்’ யீஸ்ட்டுகள் 30 முதல் 40 டிகிரி வரை நொதித்தும் ஃபியூசல் நெடி இல்லாமல் பீர் தருகின்றன. குளிருக்குப் பேர்போன நாட்டில் இப்படி ஒரு யீஸ்ட்! காய்ச்சி இறக்கி, ஓரளவு ஆறியதுமே யீஸ்ட்டைப் போட்டு, நாலைந்து நாளில் முடித்துவிடுகிற பழக்கம் அங்கே. பெல்ஜியத்தின் சேசான் யீஸ்ட்டும் 28, 30ஐத் தாங்கும். மிளகு வாசனையோடு முறுக்கான பீர் வரும். இதெல்லாம் தெரிந்த பிறகு எதற்கு ஃப்ரிட்ஜ் என்று கேட்கலாம். க்வைக்கில் செய்ததை நானும் ரசித்துக் குடித்திருக்கிறேன். ஆனால் பல வகைகளில் ஆரஞ்சுப் பழ வாசனை ஒன்று மெல்ல ஒட்டிக்கொண்டே இருக்கும். எல்லாப் பீரிலும் அது வேண்டும் என்றால் சரி, எனக்கு வேண்டாம்.

ஓசூர் நண்பர் ஒருவர், சட்டம் மட்டும் விட்டிருந்தால் நம்ம ஊர் டிசம்பர் ஏலுக்கு ஏற்றதுதானே என்று கேட்டார். உண்மைதான். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் பக்கம் இருக்கிற ஊர். மார்கழியில் இரவு 15ஐ ஒட்டி இறங்கும், தடித்த சுவர் உள்ள வீட்டுக்குள் இருபதை ஒட்டி நிற்கும். அதே ஓசூரில் அந்த மாதம் இட்லி மாவு பொங்குவதில்லை என்று எல்லா வீட்டிலும் புலம்பல்.

இங்கே வந்ததும் என் வெப்பமானி அடுப்படிக்குப் போய்விட்டது. மாவுப் பாத்திரத்துக்குள் அதைச் செருகியதைப் பார்த்து அம்மா, “மாவுக்குக் கூடவாடா காய்ச்சல் பார்ப்பாங்க?” என்றார். இட்லி மாவைப் புளிக்கவைப்பது பெரும்பாலும் லியூகோனோஸ்டாக் வகை பாக்டீரியாக்கள். யீஸ்ட்டின் பங்கு கம்மி. அவற்றுக்கு 28 முதல் 32 டிகிரி சௌகரியம். அங்கே குளிர வைக்க நான் பட்ட பாடு, இங்கே மார்கழியில் சூடேற்றுகிற பாடாக மாறிவிட்டது. கிரைண்டரில் அரைத்தால் மாவு கொஞ்சம் சூடாகித்தான் வரும். மிக்ஸியில் இன்னும் சூடாகும். அதனால்தான் கோடையில் ஐஸ் தண்ணீர் விட்டு அரைக்கிறார்கள். அரைத்து எடுத்த உடனே மாவு என்ன சூட்டில் இருக்கிறதோ அதுதான் அந்த இரவை முடிவு செய்கிறது என்பதை அம்மா எந்த வெப்பமானியும் இல்லாமல் ஏற்கெனவே தெரிந்துவைத்திருந்தார். மே மாதத்தில் பாத்திரத்தைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் வைப்பதும், மார்கழியில் வெந்நீர் விட்டு அரைத்து அடுப்புக்குப் பக்கத்தில் கம்பளி சுற்றி வைப்பதும் அவருடைய வழக்கம்.

கேழ்வரகுக் கூழில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். மாவைக் கரைத்து ஓர் இரவு புளிக்கவைத்து, மறுநாள் சாயங்காலம் நொய்யோடு சேர்த்துக் காய்ச்சி, இன்னோர் இரவு வைத்திருந்து காலையில் மோர் விட்டுக் கரைப்பது எங்கள் வீட்டு முறை. சித்திரையில் கரைத்த மாவு அரை நாளுக்குள் மூக்கைத் துளைக்கும். மார்கழியில் மறுநாள் மதியம் ஆனாலும் புளிப்பே ஏறாது. காய்ச்சின கூழைச் சூடாக மூடிவைத்தால் ராத்திரி முழுக்க நடுச்சூட்டிலேயே கிடந்து நெடி வந்துவிடும் என்று அம்மா அகலமான சட்டியில் ஊற்றி, கை பொறுக்கிற சூடு வரும்வரை கிளறிவிட்டுத்தான் பானைக்கு மாற்றுவார். போன வாரம் அதைத் தம்பிக்கு வீடியோவில் காட்டினேன்.

“பெரியம்மா, இதுக்கு எந்த கன்ட்ரோலர்?” என்றான்.

“கரண்டிதான் கன்ட்ரோலர். முதல்ல நீ ஒழுங்கா வேளாவேளைக்குச் சாப்பிடு” என்று சொல்லிவிட்டு அம்மா கிளறப் போய்விட்டார். அவன் வாளியில் அன்றைக்கு ஆறாம் நாள், ஸ்டிக்கரில் 21. அப்படியே இரண்டு நாள் விட்டுவிட்டு, அடர்த்தி அளக்கிற ஹைட்ரோமீட்டர் இரண்டு நாளும் ஒரே எண்ணைக் காட்டினால் 2 டிகிரிக்கு இறக்கச் சொன்னேன். இறக்குவதற்கு முன் ஏர்லாக்கைக் கழற்றிவிட்டுப் பஞ்சு வைத்து மூடவும் சொன்னேன்.